மரத்தை வெட்டாத யாவ்குன்

யாவ்குன் எங்கள் சந்துக்குக் குப்பை லாரி ஓட்டுகிறவன். கீலுங் துறைமுகத்துக்குப் பின்னால் மேடேறிப் போகிற சந்து இது. சாயங்காலம் வந்துவிட்டேன் என்று லாரி போடுகிற பாட்டு கீழே முக்கில் கேட்க ஆரம்பித்ததும், ஒரு கையில் குடையும் ஒரு கையில் குப்பைப் பையுமாக எல்லோரும் மாடியிலிருந்து இறங்கி வருவோம். லாரி நிற்கிற கொஞ்ச நேரத்துக்குள் அவரவர் பையை அவரவரே தூக்கிப் போட்டுவிட வேண்டும். தவறவிட்டால் மீன் முள்ளோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான். யார் வீட்டில் சண்டை, யார் குடியை விட்டான், யாருக்கு மருமகள் வந்தாள் என்பதெல்லாம் லாரிக்குப் பின்னால் நிற்கும்போதுதான் தெரியவரும்.

எனக்கு அந்த முக்கில் காலைச் சிற்றுண்டிக் கடை. முட்டை ரொட்டி, முள்ளங்கிப் பணியாரம், சோயா பால். ஐம்பதைத் தாண்டியவள், வாய் நீளம், கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடையைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு மலைக்குப் போய்ப் பொம்மைத் துப்பாக்கியால் ஆம்பிளைகளைச் சுடுவேன். சிரிக்காதீர்கள். பாழடைந்த பழைய சுரங்கக் கூலிகளின் குடியிருப்பில் இரண்டு கட்சியாகப் பிரிந்து, மிளகு அளவு பிளாஸ்டிக் குண்டுகளால் சுட்டுக்கொள்வோம். பட்டால் சுரீரென்று இருக்கும். நாமே கையைத் தூக்கி, பட்டுவிட்டது என்று ஒப்புக்கொண்டு வெளியே வர வேண்டும். வாரம் பூராவும் ரொட்டி திருப்புகிறவளுக்கு அதைவிட நிம்மதி வேறு கிடையாது.

யாவ்குன் எங்கள் கட்சி. கல்யாணம் ஆகாதவன். மொட்டை மாடியில் தகரம் போட்ட ஒற்றை அறை. பேச்சு குறைவு. அவனுக்கும் சேர்த்துப் பேசுவதற்கென்றே பிங்ரூய் இருந்தான். இருவரும் கட்டாய ராணுவச் சேவையில் ஒரே தீவில், ஒரே பதுங்குகுழியில் கிடந்தவர்கள். பிங்ரூய் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான், ராத்திரி வேலை. காலையில் என் கடையில் தின்றுவிட்டு, என் கடைக்கு எதிர்க் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிற வீட்டுக்குப் போய்ப் படுத்தான் என்றால் அப்புறம் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான். யாவ்குனின் லாரிப் பாட்டுதான் அவனுக்கு அலாரம். பாட்டு கேட்டதும் எழுந்து, கலைந்த தலையோடு பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வருவான். ஓட்டுநர் ஜன்னலைத் தட்டி, 'டேய், நேத்து அரைச்ச குப்பையவிட உன் மூஞ்சி நாறுதுடா' என்கிற மாதிரி ஏதாவது சொல்வான். யாவ்குன் முன்னால் பார்த்தபடியே சிரிப்பான். வருஷக்கணக்காக இது ஒருநாள்கூடத் தவறியதில்லை.

இனி மரத்துக்கு வருகிறேன். பொம்மைத் துப்பாக்கி தொழிற்சாலையிலிருந்து வரும்போது, தோளில் முட்டுக் கொடுக்கிற பின்கட்டையும், இடது கையால் தாங்குகிற முன்கட்டையும் மரம் மாதிரி சாயம் பூசிய பிளாஸ்டிக்காக இருக்கும். கிறுக்குப் பிடித்தவர்களுக்கு அது போதாது. எங்கேயோ ஒரு நாட்டு ராணுவம் கழித்துக் கட்டிய நிஜத் துப்பாக்கியின் இரும்பைத் துண்டு துண்டாக அறுத்துவிட்டு மரத்தை மட்டும் விற்பார்கள். அதை வாங்கிப் பொம்மையில் பொருத்துவார்கள். அந்த மரத்தில் யாரோ ஒரு சிப்பாயின் கை வேர்வை கறுப்பாக ஊறியிருக்கும். ஓரத்தில் எண் குத்தியிருக்கும். மோந்து பார்த்தால் பழைய எண்ணெய் வாசம் வரும்.

சிக்கல் என்னவென்றால், நிஜமும் பொம்மையும் ஒரே அளவில் இருக்காது. மரத்தைச் செதுக்க வேண்டும், அல்லது பொம்மையை அறுக்க வேண்டும். எல்லோரும் மரத்தைத்தான் செதுக்குவார்கள், அது சுலபம். யாவ்குன் மாட்டான். அவன் மேசையில் அரம் உண்டு, உப்புத்தாள் உண்டு, ஆளிவிதை எண்ணெய் உண்டு, ஆனால் உளி கிடையாது. ஒருநாள் நான் எரிச்சல்பட்டு, அதென்ன சாமி சிலையா என்று கேட்டுவிட்டேன்.

"நாள் முழுக்க நல்ல நல்ல மரத்தை அரைச்சுத் தள்றேன் அக்கா. அலமாரி, கட்டில், ஊஞ்சப் பலகை, எல்லாம் லாரி லிவர ஒரு இழுப்பு இழுத்தா தூளாப் போயிடும். இந்த ஒண்ணையாவது முழுசா வெச்சுக்கறேனே. வெட்டணும்னா பொம்மைய வெட்டு. மரத்து மேல கை வெக்காத."

அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அது எங்கள் கூட்டத்தின் சட்டமாகவே ஆகிப்போனது. மரத்தில் உளி வைத்தவனை இளக்காரமாகப் பார்த்தோம். இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொண்டது. மரமும் இரும்பும் சேருகிற இடத்தில், என் கடையில் ரொட்டி மடித்துத் தருகிற மெல்லிய காகிதத்தைச் செருகிப் பார்ப்போம். காகிதம் நுழைந்துவிட்டால் அந்தத் துப்பாக்கிக்காரனுக்கு அன்று முழுக்கப் பெயர் 'பிளாஸ்டிக்'. பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம்.

யாவ்குன் இரண்டு ஜோடி மரம் தருவித்தான். ஒன்று தனக்கு, ஒன்று பிங்ரூய்க்கு. ஒரே பதுங்குகுழியில் கிடந்தவர்கள் இல்லையா, ஒரே மாதிரி வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஜூலை மாதம் முழுக்க உட்கார்ந்து பொருத்தினான். பொம்மை சுடுவது பேட்டரியால். வழக்கமாக அது பின்கட்டைக்குள் இருக்கும், பிளாஸ்டிக் கட்டை உள்ளே கூடு. நிஜ மரமோ கெட்டி. மற்றவர்கள் அதைக் குடைந்து பேட்டரிக்கு இடம் பண்ணுவார்கள். இவன் குடைவானா? முன்கட்டையில், நிஜத் துப்பாக்கியின் குழாய் போகிற பள்ளம் ஒன்று உண்டு. அதற்குள் மெலிசான நீள பேட்டரியை அடக்கினான்.

ஆட்டம் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றித் தகரப் பெட்டியில் வைக்க வேண்டும். எங்கள் விளையாட்டில் பச்சைப் பிள்ளைக்கும் இது தெரியும். அந்த மாதிரி பேட்டரி அடிபட்டால், நசுங்கினால், பற்றிக்கொள்ளும். ஆனால் யாவ்குன் பொருத்திய முன்கட்டையைக் கழற்ற வேண்டுமானால் மரச் சுத்தியலால் தட்ட வேண்டும், தட்டினால் விளிம்பு தேயும். அதனால் அடியில் ஒரு சின்ன ஒயரை மட்டும் வெளியே விட்டு, கழற்றாமலே சார்ஜ் போட வழி பண்ணிவிட்டான். கெட்டிக்காரத்தனம் என்றார்கள் பையன்கள்.

இரண்டும் தயாரான ஞாயிற்றுக்கிழமை காகிதப் பரீட்சை நடந்தது. யாவ்குனுடையதில் நுழையவில்லை. பிங்ரூய்யுடையதில் ஒரு ஓரமாக நுழைந்துவிட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? அந்த ஆள் வாய்க்குத் திருப்பிக் கொடுக்க எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக், பிளாஸ்டிக் என்று சாயங்காலம் வரை கூப்பிட்டோம். அவனும் விடவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு யாவ்குனிடம், "நல்லத நீ வெச்சுக்கிட்டு எனக்கு ஓட்டையக் குடுத்துட்டியேடா, இதானா உன் சிநேகிதம்" என்றான். விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஆனால் யாவ்குனுக்கு விளையாட்டு பாதிதான் புரியும். அவன் முகம் செத்துவிட்டது. துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு போனவன் மறுவாரம்தான் திருப்பித் தந்தான்.

என்ன செய்தான் என்பது பின்னால் போலீஸில் அவனே சொன்னபோதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. முன்கட்டை இன்னும் ஒரு நூல் உள்ளே போனால் இடைவெளி அடைபடும். போகவிடாமல் தடுத்தது பேட்டரி. மரத்தைச் சீவலாம், ஒரு இழை சீவினால் போதும். சீவவில்லை. பேட்டரியைச் சுற்றியிருந்த தடித்த உறையை உரித்துவிட்டு, வெறும் நாடாவைச் சுற்றி, அழுத்திச் செருகினான். அவன் கணக்குப்படி பேட்டரி பொம்மையின் சாமான். பொம்மையைத்தானே வெட்டலாம்?

காகிதம் நுழையவில்லை. பிங்ரூய் சந்தோஷத்தில் அவன் தலையைப் பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். துப்பாக்கியைத் தன் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் மாட்டினான். அவன் மனைவி யுவேசியா மீன் ஏலக் கடையில் வேலை பார்க்கிறவள், சாமர்த்தியசாலி. என் போட்டோவைக்கூட அவ்வளவு ஒசத்தியாக மாட்டியதில்லை என்று என்னிடம் வந்து நொடித்துக்கொண்டாள்.

ஜூலை போய் நவம்பர் வந்தது. கீலுங்கின் நவம்பரைப் பற்றிப் பேசினாலே எனக்குக் கடுப்பு. மழை பிடித்தால் விடாது. சுவர் வேர்க்கும், துணி காயாது, கதவு நிலையில் இறுகிக்கொள்ளும், என் கடையில் உப்பு கட்டியாகிவிடும். வறண்ட தேசத்தில் வளர்ந்து காய்ந்த மரம், எங்கள் ஊர் ஈரத்தைக் குடித்து ஊறிப் பருக்க ஆரம்பித்தது. வெளியே பருக்க இடமில்லாவிட்டால் உள்ளே பருக்கும். ஜூலையில் பொருத்தியவனுக்கு நவம்பர் ஞாபகம் வரவில்லை. இந்த ஊரில் பிறந்தவனுக்கு எப்படி வராமல் போனது என்று நான் பல நாள் ஆத்திரப்பட்டிருக்கிறேன்.

இரண்டு ஞாயிறு மழையில் போயிற்று. மூன்றாவது வாரம் எப்படியும் ஆடுவது என்று முடிவு. சனிக்கிழமை எல்லோரும் சார்ஜ் போடுகிற நாள். யாவ்குன் மத்தியானம் வேலைக்குக் கிளம்புமுன் தன் துப்பாக்கியை எடுத்தான். சார்ஜ் ஏறவில்லை. முன்கட்டை அசையவும் இல்லை. சுத்தியலால் தட்டித் தட்டிக் கழற்றிப் பார்த்தால், பேட்டரி எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பி, மரத்தின் அச்சு அதன் மேல் ஆழமாகப் பதிந்திருந்தது. தன்னுடையது உறையோடு இருந்ததே இப்படி. பிங்ரூய்யுடையது உறை உரித்தது. இதைவிட இறுக்கமானது. அவனும் காலையில் வேலை முடிந்து வந்து சார்ஜில் போட்டுவிட்டுத்தான் படுத்திருப்பான், அதுவும் தலைமாட்டில்.

உடனே போன் பண்ணினான். பிங்ரூய் எடுக்கவில்லை. தூங்கும்போது எடுக்கமாட்டான் என்பது தெரிந்ததுதான். ஒயரைப் பிடுங்கு, துப்பாக்கியை மாடியில் மழையில் தூக்கிப் போடு என்று செய்தி அனுப்பினான். அப்புறம் உட்கார்ந்து யோசித்தான். யுவேசியா வேலையில் இருப்பாள், சொன்னால் பதறுவாள். ஜூலையிலிருந்து ஒன்றும் ஆகவில்லையே. லாரி அந்தச் சந்துக்கு எப்படியும் போகத்தான் போகிறது. பாட்டு கேட்டதும் அவன் இறங்கி வருவான், ஜன்னலைத் தட்டுவான், அப்போது நேரிலேயே சொல்லிவிடலாம். ஷிப்டுக்கு லேட்டாகப் போனால் மேஸ்திரி கத்துவான். இப்படித் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு லாரியை எடுத்துவிட்டான். பாவிப்பயல், ஒரு எட்டு ஓடி வந்திருக்கலாம்.

வழியெல்லாம் போன் போட்டுப் பார்த்தானாம். ஒவ்வொரு முக்கிலும் லாரியை வழக்கத்தைவிடச் சீக்கிரம் எடுத்தான் என்றும், பாதிப் பேர் பையோடு பின்னால் ஓடி வந்து திட்டினார்கள் என்றும் பின்பக்கம் நிற்கிற ஆள் சொன்னார்.

எங்கள் சந்துக்கு லாரி வந்தபோது நான் கடைக் குப்பையோடு நின்றிருந்தேன். யாவ்குன் இறங்கினான். அவன் இறங்கி நான் பார்த்ததே இல்லை. நேரே என்னிடம் வந்தான்.

"பிங்ரூய் வந்தானா அக்கா?"

இன்னும் இல்லை என்றேன். இருவரும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தோம். மூன்றாவது மாடி ஜன்னல். கள்ளனுக்குப் பயந்து இந்த ஊரில் எல்லா ஜன்னலுக்கும் இரும்புக் கம்பிக் கூண்டு போட்டு வைத்திருக்கிறோம். அந்தக் கூண்டுக்குள்ளிருந்து புகை மழைக்குள் வழிந்துகொண்டிருந்தது. கறுப்புப் புகை. அவன் லாரியில் கிடந்த கடப்பாரையை உருவிக்கொண்டு படியில் ஓடினான். நான் தீயணைப்புக்குப் போன் போட்டேன், இரண்டு தரம் எண்ணைத் தப்பாக அழுத்தினேன். பாட்டை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பையும் குடையுமாக நாங்கள் அண்ணாந்து நிற்க, அது தன்பாட்டுக்கு முதலிலிருந்து பாடிக்கொண்டே இருந்தது.

தீயணைப்புக்காரர்கள் வருமுன்பே அவன் இரும்புக் கதவைப் பெயர்த்து உள்ளே போய்விட்டான். பிங்ரூய்யைப் படிக்கட்டு வரை இழுத்து வந்தது அவன்தான். உடம்பில் பெரிதாகத் தீக்காயம் இல்லை, எல்லாம் புகை. ஸ்ட்ரெச்சரில் வைத்து இறக்கினார்கள். அதற்குப் பின்னால் யாவ்குன் முகமெல்லாம் கரியாக, கையில் வாய் கட்டிய குப்பைப் பை ஒன்றோடு இறங்கி வந்தான். யாரையும் பார்க்காமல் நடந்து போய் அந்தப் பையை லாரிக்குள் போட்டான். லிவரை இழுத்தான். புத்தி பிசகிவிட்டது பாவம் என்று சனங்கள் முணுமுணுத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிங்ரூய் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டான்.

செத்தவர்களுக்கு மேலே உபயோகப்படட்டும் என்று காகிதத்தில் வீடு, கார், செருப்பு எல்லாம் செய்து எரித்து அனுப்புவது எங்கள் வழக்கம். எங்கள் கூட்டத்துப் பையன்கள், பிங்ரூய்க்கு ரொம்பப் பிடிக்குமே என்று காகிதத்தில் ஒரு துப்பாக்கி செய்யச் சொல்லி வாங்கி வந்துவிட்டார்கள், மரக் கலரில். செருப்பால் அடிக்கலாம் போல இருந்தது எனக்கு. நான் வாய் திறப்பதற்குள் யுவேசியா எழுந்து வந்தாள். கோபப்படவில்லை. "இனிமே அவருக்காக எதையும் எரிக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள். அந்தச் சாவில் ஊதுவத்திகூட யாரும் ஏற்றவில்லை.

போலீஸ், கோர்ட்டு எல்லாம் நடந்தது. தன் தப்பில் யாவ்குன் ஒன்றையும் மறைக்கவில்லை, கேட்காததையும் சொன்னான். அஜாக்கிரதை என்று தீர்ப்பு, தண்டனையை நிறுத்தி வைத்தார்கள். வேறு பக்கம் மாற்றித் தருகிறோம் என்று ஆபீஸில் சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டான். தினம் அதே சந்து, அதே பாட்டு. ஜன்னலைத் தட்ட ஆளில்லை. யுவேசியா இறங்கி வருவதில்லை, அவள் பையையும் நான்தான் சேர்த்துப் போடுவேன். அந்த நேரத்தில் அவள் காதில் பஞ்சு வைத்துக்கொள்வாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

குளிர்காலத்தில் ஒருநாள் கடை சாத்துகிற நேரத்துக்கு யாவ்குன் வந்தான். சோயா பாலை வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தான். சாப்பிடவாவது செய் என்று அதட்டினேன். அப்போதுதான் சொன்னான்.

"அவன் கட்டில்ல இல்ல அக்கா. வாசல்கிட்ட கிடந்தான். கையில குப்பப் பை. இறுக்கிப் புடிச்சிருந்தான், விரலைப் பிரிச்சுத்தான் எடுத்தேன்."

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. பாட்டு கேட்டிருக்கிறது. புகையிலும் எழுந்து, வழக்கம் போலப் பையை எடுத்துக்கொண்டு, வாசல் வரைக்கும் வந்திருக்கிறான். கீழே இவன் வந்து நிற்கிறான் என்று தெரிந்துதான் விழுந்திருக்கிறான். யுவேசியாவுக்கு இது தெரியக்கூடாது என்று அந்தப் பையை எடுத்துவந்து அரைத்திருக்கிறான் இந்த மனிதன். அவள் தூக்கத்திலேயே போயிட்டார்னு நினைச்சுக்கட்டும், நீங்க சொல்லிடாதீங்க என்றான். நான் அழுதேன். அவன் அழவில்லை. சோயா பாலில் ஆடை கட்டிவிட்டது.

மறுபடி மழைக்காலம் தொடங்குகிற சமயம், லாரிக்குப் பின்னால் நான் நிற்கும்போது பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். யுவேசியா. தலை பாதி நரைத்திருந்தது. கோர்ட்டில் வைத்திருந்த சாமானைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் போல. ஒரு பையிலிருந்து அதை வெளியே எடுத்தாள். பின்கட்டை. முன்கட்டைதான் எரிந்து போயிருந்தது. இது ஒரு நுனி கருகியதோடு சரி, எண் குத்தியதுகூட அழியவில்லை. கூட்டம் தானாக விலகியது. யாவ்குன் இறங்கி வந்து தலையைக் குனிந்து நின்றான். முன்பெல்லாம் வாய்க்கு வாய் தம்பி என்பாள். அன்று பெயர்கூடச் சொல்லவில்லை.

"நீயே போடு" என்று நீட்டினாள்.

இரண்டு கையாலும் வாங்கினான். உள்ளே வைத்து லிவரை இழுத்தான். நல்ல மரம், லேசில் உடையவில்லை. குப்பையை நசுக்குகிற தகடு அதன் மேல் இறங்கி முட்டி, முனகி நின்றுவிட்டது. பின்பக்கத்து ஆள் உதவிக்கு வந்தார், யாவ்குன் கையால் தடுத்தான். தானே எடுத்துக் குறுக்காகத் திருப்பி வைத்து மறுபடி இழுத்தான். அந்த முறை முறிந்தது. அந்தச் சத்தத்தை நான் சொல்லப்போவதில்லை. யுவேசியா அது உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை.

"ஒண்ணு கேக்கணும். நீதானே மொதல்ல உள்ள போன. அன்னிக்கு இந்தப் பாட்டு அவருக்குக் கேட்டிருக்குமா?"

என் கையிலிருந்த பை நழுவிக் கீழே விழுந்தது. யாவ்குன் என்னைப் பார்க்கவில்லை. அவள் முகத்தை நேராகப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாதவன், போலீஸிலேயே ஒரு பொய் சொல்லாதவன்.

"இல்ல அண்ணி. தூங்கிட்டிருந்தான்."

அவள் மூக்கைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள்.

"சரி தம்பி" என்றாள். குடையை விரித்துக்கொண்டு மாடிப்படி ஏறிப் போனாள். யாவ்குன் லாரியில் ஏறினான். அடுத்த சந்துக்குப் போக வேண்டும், அங்கே பையோடு நிற்பார்கள். வண்டி முக்கு திரும்புகிறவரை நான் மழையில் நின்று பார்த்துவிட்டு, கீழே விழுந்த என் பையை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தேன். அன்று குப்பையைப் போட மறந்துவிட்டேன்.